நரம்பு அடைப்பா, நரம்பு மரப்பா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அறுவைக்காகக் கை, கால் போன்ற ஒரு பகுதியை மட்டும் உணர்விழக்கச் செய்யும் ஊசி 'நெர்வ் பிளாக்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நரம்பு அடைப்பு, நரம்புத் தடை, நரம்பு முடக்கம். நான் குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். இந்த ஊசியைப் போடுகிறவனும் நான்தான், போடுமுன் அது என்னவென்று நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டியவனும் நான்தான். மூன்று சொல்லும் வேண்டாம், 'நரம்பு மரப்பு' என்று வைத்துக்கொள்வோம் என்பது என் கருத்து.

> பிளாக் என்றால் அடைப்புதானே. நேர்ச்சொல் இருக்கும்போது வேறு எதற்கு?

அந்த நேர்ச்சொல்லில்தான் சிக்கல். உடம்பைப் பற்றிப் பேசும்போது அடைப்பு என்பது தமிழில் நோயின் பெயர். மாரடைப்பு, மூக்கடைப்பு, நீரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு. யாரும் காசு கொடுத்து அடைப்பு வாங்கமாட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி வந்தார். விடியற்காலை ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து, முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. நானும் அப்போது 'நரம்பை அடைக்கிற ஊசி' என்றுதான் சொல்லிவந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "டாக்டரே, அடைச்சா பின்ன தெறக்குமா? வர்மம் கொண்ட மாதிரி எனக்க கை அப்பிடியே நின்னுராதா?" வர்ம ஆசான்மார் இன்றும் கைபார்க்கிற மாவட்டம் இது. நரம்பில் ஏதோ ஒன்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே எல்லார் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. "முழுசா மயக்கிருங்க" என்று சொல்லிவிட்டார்.

முழு மயக்கம் அவருக்குச் சுலபமில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டுப் போட்டுக் கன்னம் இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மூச்சுக்குக் குழாய் சுலபமாகப் போகுமா என்று அறிய, வாயைத் திற, நாக்கை நீட்டு என்று சொல்லி உள்நாக்கு தெரிகிறதா என்று பார்ப்போம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிசெய்த டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட சோதனை அது. உலகம் முழுக்க அவர் பெயராலேயே வழங்குகிறது. எங்கள் நோயாளியின் வாய்க்குள் மேல் அண்ணத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மயக்கிய பிறகு குழாய் போட முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. கையை மட்டும் உணர்விழக்கச் செய்தால், அவர் தன் மூச்சைத் தானே விட்டுக்கொண்டு விழித்திருப்பார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து வேறு மாதிரி சொன்னேன். "சம்மணம் போட்டு ரொம்ப நேரம் இருந்தா கால் மரத்துப்போகும்லா? அதுபோல கை மரத்துப்போகும். நாளைக்குக் காலைல விட்டுரும்." அவர் உடனே, "மரத்துப் போறதுதானா? அப்ப போடுங்க" என்றார். கால் மரத்தது தானே விட்டுவிடும் என்பது அவருக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். திரும்பி வரும் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடைப்பில் அது இல்லை.

ஊசி எப்படிப் போகிறது என்பதையும் சொல்கிறேன், சொல் தேர்வுக்கு அது உதவும். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் ஸ்கேன் கருவியை வைத்தால், திரையில் ஒரு கறுப்பு வட்டம் துடிக்கும். அது ரத்தக்குழாய். அதன் ஓரத்தில் சின்னத் திராட்சைக்குலை போல ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கைக்குப் போகும் நரம்புப் பின்னல். கீழே பளிச்சென்று முதல் விலா எலும்பு, அதற்கும் கீழே நுரையீரல் உறை. ஊசி ஒரு வெள்ளைக் கோடாகப் பக்கத்திலிருந்து வரும். மருந்து இறங்க இறங்கக் குலையைச் சுற்றிக் கறுப்பு பரவும். நரம்புக்குள் நாங்கள் எதையும் திணிப்பதில்லை, அழுத்துவதுமில்லை. மருந்து நரம்பிழைகளிலுள்ள சோடியம் அயனி வாயில்களை மூடுகிறது, அதனால் வலிச் செய்தி ஓடுவதில்லை. அந்த மூலக்கூறு மட்டத்தில் 'அடைப்பு' சரியான சொல்தான். உடலியங்கியல் பாடநூலில் 'அயனி வாயில் அடைப்பு' என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. மனிதனின் கைக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவர வேண்டாம்.

மற்ற இரண்டுக்கும் அதிக நேரம் வேண்டியதில்லை. 'முடக்கம்' கேட்டால் முடக்குவாதம்தான் நினைவுக்கு வரும். 'தடை' என்றால் அரசாணை. குளச்சல்காரரிடம் தடை என்று சொல்லிப் பாருங்கள், ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

> 'மயக்கம்' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. 'பகுதி மயக்கம்' போதாதா?

போதாது. இழையில் யாரும் இதைத் தொடர்ந்து பேசாதது எனக்கு வருத்தம்தான். 1846 அக்டோபர் 16ஆம் தேதி பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்துக் காட்டியபோது நோயாளி தூங்கியவர்போலக் கிடந்தார். அடுத்த மாதமே டாக்டர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அதற்கு 'அனஸ்தீசியா' என்ற பெயரை எழுதி அனுப்பினார். அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள் உணர்வின்மை. தூக்கமோ மயக்கமோ அல்ல. அதனால் 1884இல் டாக்டர் கார்ல் கோலர் கோக்கெய்ன் சொட்டுவிட்டுக் கண்ணை மட்டும் மரக்கச் செய்தபோதும், 1898இல் டாக்டர் ஆகஸ்ட் பீர் முதுகுத்தண்டில் ஊசி போட்டபோதும், அதே சொல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நாம் 'மயக்கம்' என்று வைத்துக்கொண்டதால் அந்த இரண்டும் வெளியே நிற்கின்றன.

இதன் விளைவை வாரந்தோறும் பார்க்கிறேன். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பெண்கள் மறுநாள், "எனக்கு மயக்கம் சரியா பிடிக்கல டாக்டரே, பேசினதெல்லாம் கேட்டுது" என்கிறார்கள். வலித்ததா என்று கேட்டால், இல்லை. எல்லாம் சரியாக நடந்திருக்கிறது, ஆனால் தவறாக நடந்துவிட்டது என்ற நினைப்போடு வீட்டுக்குப் போகிறார்கள். முன்னாலேயே "இது மயக்கம் இல்ல, இடுப்புக்குக் கீழ மரப்பு" என்று சொன்னால் இந்தக் குழப்பமே வருவதில்லை. எனவே நினைவு போவது மயக்கம், நினைவிருக்க உணர்வு மட்டும் போவது மரப்பு என்று பிரித்துக்கொள்வோம். தண்டுவட மரப்பு, நரம்பு மரப்பு, மரப்பு மருந்து என்று ஒரு குடும்பமே இதிலிருந்து வரும்.

மரப்பு என்றால் தொடுவுணர்ச்சி மட்டும்தானே, கை அசையாமல் போவதை அது சொல்லுமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சொல்லும். மரத்துப்போன காலை ஊன்றி எழ முடியாமல் தடுமாறியவர்கள்தானே நாம் எல்லாரும்.

ஒரு கலைச்சொல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் நாலு வினைச்சொல்லை வைத்துப் பார்ப்பேன். மரப்பு போட்டார்கள். மரப்பு பிடித்துவிட்டது. மரப்பு பிடிக்கவில்லை. மரப்பு விடுகிறது. எதுவும் இடறவில்லை. 'நரம்புத் தடை நீங்குகிறது' என்று எந்த நோயாளி சொல்வார்?

அந்த 'விடுகிறது'தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் போட்டால் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் கை மரத்திருக்கும். மத்தியானம் அறுவை என்றால் நடுராத்திரியில் விடும். விடும்போது வலி மெதுவாக வராது, ஒரேயடியாக வரும். முதலில் விரல் நுனியில் சுறுசுறுவென்று ஊறும், பிறகு விரல் லேசாக அசையும். அந்த நேரத்திலேயே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும், வலி உச்சிக்கு வந்த பிறகு கொடுத்தால் பிடிப்பதற்கு நேரமாகும். அந்த ரப்பர்த் தொழிலாளியின் மனைவி இரவு இரண்டு மணிக்கு நர்ஸிடம் போய், "மரப்பு விடுது போல, விரல் அனங்குது" என்று சொன்னார். நான் எழுதிவைத்திருந்த மருந்தை நர்ஸ் உடனே கொடுத்தார். அந்த அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. சொல் அவர் வாயில் இருந்தது, அதனால் செய்தி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இழையில் கிளைத்த இன்னொரு சொல்லுக்கும் வருகிறேன். 'ஏர்வே'க்கு மூச்சுக்குழாய் என்று போட்டிருக்கிறார்கள். மூச்சுக்குழாய் குரல்வளைக்குக் கீழே உள்ள குழாய் மட்டும். மூக்கு, வாய், தொண்டை, குரல்வளை எல்லாம் சேர்ந்ததற்கு 'மூச்சுவழி' பொருந்தும். எங்கள் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்த சோமர்வெல், 1924இல் எவரெஸ்டிலிருந்து இறங்கும்போது மூச்சு அடைத்துச் சாகப்போனார். குளிரில் கருகிய குரல்வளையின் உட்சவ்வு உரிந்து, வழியை மறித்துவிட்டது. இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தி, கடைசி முயற்சியாக இருமித் துப்பிப் பிழைத்தார். குழாய் முழுசாகத்தான் இருந்தது, போனது வழி. ('அடைப்பு' என்ற சொல்லுக்கு உரிய இடம் இது.)

பல மருந்துகளைச் சிறு சிறு அளவில் சேர்த்து வலியைக் குறைக்கும் முறைக்கு வந்த 'பன்முக வலிநீக்கம்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கெலெட், டால் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் வலியுறுத்திய கருத்து, மருந்துகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் ஓப்பியாய்டு (மார்ஃபின் வகை வலிமருந்து) அளவைக் குறைக்கலாம் என்பது. அங்கே 'முக'த்தைவிட 'கூட்டு' முக்கியம், எனவே 'கூட்டு வலிநீக்கம்'.

ஒரே ஒரு சொல்லுக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. மரப்பு விடும்போது பாய்ந்து வருகிற அந்த வலி. 'மீள்வலி' என்று ஒருவர் எழுதியிருந்தார். காதில் கேட்டால் 'மீளும் வலி', குணமாகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். வார்டில் 'மரப்பு விட்ட வலி' என்கிறார்கள், எனக்கு அதுவே போதுமென்று தோன்றுகிறது. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அடுத்த வாரமே வார்டில் சொல்லிப் பார்த்துவிடுகிறேன்.