மரவள்ளி இரண்டு நாளில் கறுக்கிறது, இனக் கோளாறா?

வாகரை_மண்:
நட்டது எம்யு 51 என்ற மரவள்ளி இனம். பிடுங்கி இரண்டாம் நாள் வெட்டிப் பார்த்தால் உள்ளே நரம்பு நரம்பாகக் கறுநீலக் கோடு ஓடிக் கிடக்கிறது, பூஞ்சணமும் இல்லை, நாற்றமும் இல்லை, ஆனால் வியாபாரி கையில் எடுத்ததும் திருப்பித் தந்துவிடுகிறார். பக்கத்தில் கிடந்த வத்தாளைக்கு (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) ஒன்றும் ஆகவில்லை. கறுக்காத இனம் இருக்கிறதா?

கிழங்குப்பித்தன்:
அது அழுகல் இல்லை தம்பி. கிருமி வந்து சேருமுன்பே கிழங்கு தானே செய்துகொள்கிற வேலை. பிடுங்கும்போது காயம்பட்ட இடத்தில் சயனைட் வெளியாகி கலத்தின் சுவாசத்தை மறிக்கிறது, அதனால் உருவாகும் பொல்லாத ஒட்சிசன் வடிவங்கள் அங்கே சேரும் ஸ்கோபொலெட்டின் என்ற வேதிப்பொருளை ஒட்சியேற்ற, அதுதான் அந்தக் கறுநீலம். வத்தாளை காயத்தின் மேல் தோல் கட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது பிறகு முளைக்க வேண்டிய கிழங்கு. மரவள்ளியை நாம் தடியில்தானே நடுகிறோம்? பிடுங்கின கிழங்கு உயிரோடு இருக்க வேண்டிய தேவை அந்தச் செடிக்கு இல்லை.

வாகரை_மண்:
அப்படியென்றால் பரம்பரையலகை மாற்றினால் சரிதானே?

கிழங்குப்பித்தன்:
மாற்றிப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அரபிடொப்சிஸ் என்ற சின்னச் செடியின் பரம்பரையலகு ஒன்றைக் கிழங்கில் கூடுதலாக வேலை செய்ய வைத்தார்கள், சயனைட் மறித்தாலும் சுவாசம் வேறு வழியால் போகட்டும் என்று. கறுப்பது கிழமைக்கணக்கில் தள்ளிப்போனது. அப்படிப்பட்ட தடி நம்ம ஊர்க் கடையில் கிடைக்காது. சாதாரணமாக இனம் தெரிந்தெடுக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல்: மாப்பிடிப்பான இனம்தான் பெரும்பாலும் சுறுக்காகக் கறுக்கும். கறுக்காததைத் தேடிப்போனால் அவித்தால் சதசதவென்று இருக்கிறது கையில் வரும், அதை யார் வாங்குவார்? மஞ்சள் சதை உள்ள இனங்கள் கொஞ்சம் தாங்கும், கிடைத்தால் ஒரு வரி நட்டுப் பாருங்கள்.

அக்கரைப்பற்றுத்_தோட்டம்:
மரவள்ளிக்கு இஞ்சி சேர்க்காதே என்று எங்க உம்மாமார் பயப்படுவதும் இந்தச் சயனைட்டை நினைத்துத்தான். அது கிடக்கட்டும். பிடுங்க இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தடியை ஒரு முழம் விட்டு மேலால் வெட்டிவிடுங்கள், கிழங்கு மண்ணிலேயே இருக்கட்டும். கறுப்பது நன்றாகக் குறையும், மாப்பிடிப்பும் கொஞ்சம் குறையும்தான். வியாபாரி வருகிற நாளைக் கேட்டுவிட்டு அன்றைக்கே பிடுங்குங்கள், மண்வெட்டி படாமல். வெட்டின இலையைப் பச்சையாக ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.