நீர்மூழ்கிக்கு உடல் வேண்டும்: ராணிப்பேட்டை பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஊர் காட்பாடி. இருவர் உட்காரும் சிறிய நீர்மூழ்கி ஒன்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். பாலாற்றிலா விடப்போகிறாய் என்று ஏற்கெனவே பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்.

இப்போது தேவை, அழுத்தம் தாங்கும் உருளை. விட்டம் 1.2 மீட்டர், நீளம் 3 மீட்டர், இரண்டு முனையிலும் டிஷ் எண்டு (கிண்ணம் மாதிரி வெளியே குவிந்த தகடு).

போன வாரம் ஒரு பழைய இரும்புக் கடையில் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த டேங்க் ஒன்று கிடைத்தது. டேப் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 1,200 மில்லிமீட்டர், குறுக்கே 1,182. சுத்தியலால் தட்டினேன், அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காகத் துரு உதிர்ந்தது. "தண்ணி ஒழுகாது சார், கேரண்டி" என்றார் கடைக்காரர். ஒழுகுவதா பிரச்சினை? உள்ளிருந்து வரும் அழுத்தம் கோணலான உருளையை வட்டமாக்கப் பார்க்கும். வெளியிலிருந்து வந்தால் கோணலை இன்னும் கோணலாக்கி, டப்பா மாதிரி நசுக்கிவிடும். 10 மீட்டர் ஆழத்திலேயே ஏறி இறங்கும் 60 சென்டிமீட்டர் விட்ட மூடி மேல் கிட்டத்தட்ட 2.8 டன் உட்காருகிறது.

சிப்காட்டில் பாய்லர் வேலை எடுக்கும் பட்டறைக்காரர்கள் யாரையாவது தெரியுமா? 10 மில்லிமீட்டர் பிளேட்டை ரோலிங் செய்து, உள்ளே வளையம் வைத்து, வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துத் தர வேண்டும். ஒரே ஒரு உருப்படி என்றதும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சான்றிதழோடு பழைய கேஸ் டேங்க் இருந்தாலும் சரி, வந்து அளந்து பார்க்கிறேன்.

அப்புறம், பொன்னை பக்கம் ஆழமான விவசாயக் கிணறு வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். முதலில் ஆளில்லாமல்தான் இறக்குவேன்.