வீட்டில் வாசிக்க 1 வாட் போதுமா, 4 வாட் வேண்டுமா?

நண்பர்களே, எலெக்ட்ரிக் கிதாருக்குச் சின்னதாக ஒரு ட்யூப் ஆம்ப் (பழைய ரேடியோபோல் வால்வு வைத்த ஒலிபெருக்கி) வாங்கலாம் என்றிருக்கிறேன். மேடைக்கெல்லாம் இல்லை, வேலை முடிந்து வந்து ராத்திரி ஹாலில் வாசிக்கத்தான். கையில் இருப்பது டெலிகாஸ்டர் கிதார். பிடித்தது பழைய ப்ளூஸ், லேசாகக் கரகரக்கும் சத்தம்.

அந்தக் கரகரப்பு, ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் பவர் ட்யூபைக் கொஞ்சம் விரட்டினால்தான், அதாவது வால்யூமை ஏற்றினால்தான் வருகிறது, அங்கேதான் சிக்கல். நண்பர் வீட்டில் 15 வாட் ஆம்ப் ஒன்றை வாசித்தேன். வால்யூம் 3-ஐத் தாண்டியதும் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். சரி, 5 வாட் என்றால் சத்தமும் மூன்றில் ஒரு பங்குதானே என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் குறைவது 5 டெசிபல்கூட இல்லை! காதுக்குப் பாதியாகத் தெரிய வாட் பத்தில் ஒன்றாக வேண்டும்.

மனதில் இருப்பவை இரண்டு. 1 வாட் மார்ஷல் டி.எஸ்.எல்.1: 0.1 வாட் வரை இறக்கலாம், ஆனால் 8 அங்குல ஸ்பீக்கர். டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் இருக்குமோ என்று பயம். இன்னொன்று 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த 4 வாட் வாக்ஸ் ஏ.சி.4. அதற்கு அட்டெனுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும் கருவி) தனியாக வாங்க வேண்டிவரும்.

இவற்றை ஃப்ளாட்டில் வைத்து வாசிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், அமெரிக்காவிலிருந்து மலிவாக ஒன்று வருகிறது, 120 வோல்ட். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டினால் இரைச்சல் வருமா?