மண்சரிவில் தப்பும் பிள்ளைகளின் கதை: எதைக் காட்டலாம், எதை விடலாம்?

கேள்வி (மூணாறு)

வணக்கம். தேயிலைத் தோட்ட லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒன்றில் வாழும் மூன்று பிள்ளைகள், ஆகஸ்ட் மாதப் பெருமழையில் மண்சரிவிலிருந்து தப்பி இரவு முழுவதையும் மலைமேல் கழிப்பதை, பத்து முதல் பதின்மூன்று வயதினருக்கான நாவலாக எழுதி வருகிறேன். ஊரும் பாத்திரங்களும் கற்பனைதான். ஆனால் 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிவில் 70 பேர் மாண்டதை இப்பகுதியில் எவரும் மறக்கவில்லை. படிக்கப்போகும் பிள்ளைகளில் சிலர் அன்று உறவுகளைப் பறிகொடுத்தவர்களாகவும் இருக்கலாம். இப்போதைய வரைவில், மூத்த பையன் மண்ணில் புதைந்த ஐந்து பேரைத் தனியாகவே மீட்கிறான். இது நம்பும்படி இருக்கிறதா? இறப்பை எந்த அளவுக்குக் காட்டலாம்?

மறுமொழி (தோட்ட மேற்பார்வையாளர், ஓய்வு)

தம்பி, பிள்ளைகள் தப்புவதற்கான காரணத்தை மலையிலேயே வையுங்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைந்தால், மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கக்கூடும். அந்த அடைப்பு உடையும்போது பாறையும் சேறும் சேர்ந்து இறங்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், நடைபாதையில் புதிதாக வெடிப்பு விடுவதும் கவனிக்க வேண்டியவையே. சரிவு பெரும்பாலும் ஓடையின் வழியே வருவதால், கீழ்நோக்கி ஓடுவது ஆபத்து. பக்கவாட்டில் ஏறி மேட்டுக்குப் போக வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு இடையே உள்ள ஒற்றையடிப் பாதைகளைத் தோட்டத்துப் பிள்ளைகள் இருட்டிலும் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்தும் கம்பளியை ஒரு பிள்ளை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும். நனைந்தாலும் ஓரளவு சூடு தாங்கும் அந்தக் கம்பளிக்குள் மூவரும் ஒடுங்கி உட்கார்ந்தால், விடியும்வரை குளிரைத் தாங்கிக்கொள்ளலாம்.

மறுமொழி (தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை, தேவிகுளம் வட்டம்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த மீட்புக் காட்சியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். பெட்டிமுடியில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. வழியில் பெரியவரை என்ற இடத்தில் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் மீட்பு வாகனங்களும் தாமதமாயின. வளர்ந்தவர்களால் இயலாததை ஒரு சிறுவன் செய்து முடிப்பதாக எழுதினால், தாயை இழந்த பிள்ளை அதைப் படித்துவிட்டு, "நானும் தைரியமாக இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாள்" என்று எண்ணும். அந்தப் பாரத்தை ஒரு புத்தகம் அதன் தோளில் ஏற்றக் கூடாது.

இறப்பை மறைக்கவும் வேண்டாம். யார் இறந்தார்கள் என்பதை நேரடியாக, ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்; உடல்களை வருணிக்காதீர்கள். பெட்டிமுடியில் நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை என்பதால், தேடப்பட்ட அனைவரும் கிடைத்துவிட்டதாகக் கதையை முடிப்பதும் சரியாகாது. மழை வலுத்தால் பாடத்தை விட்டுவிட்டு சன்னல் வழியே ஓடையையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் காண்கிறேன். சரிவுக்குப் பிந்தைய மாதங்களுக்கும் சில அத்தியாயங்கள் கொடுங்கள். பிழைத்தல் என்பது அந்த இரவோடு முடிந்துவிடுவதில்லை.

மறுமொழி (குமுளி)

காலத்தைப் பின்னுக்குத் தள்ளலாமே? 1924 ஜூலை வெள்ளம் மூணாற்றையே சிதைத்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய ரயில் பாதையும் அதில்தான் அழிந்தது. அவ்வளவு பழைய கதையென்றால் பிள்ளைகளைக் காயப்படுத்தாது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. 1924 நல்ல களம்தான். ஆனால் இன்றைய லயத்துப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தங்கள் மொழியில் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதத் தொடங்கியதால், நிகழ்காலத்திலேயே நிற்கிறேன். மீட்பு அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பாத்திரம் கழுவப் போன இளையவள் ஓடை வற்றியிருப்பதைக் கண்டு ஓடிவந்து சொல்கிறாள். லயத்தில் சிலர் நம்பி வெளியேறுகிறார்கள், சிலர் மழைக்கு அஞ்சி உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். டீச்சர், அவள் சொல்லியும் வராதவர்கள் இறந்துபோவதை அந்த வயதுப் பிள்ளைகள் தாங்குவார்களா?

ஆசிரியை

தாங்குவார்கள், அவள் தன் கடமையைச் செய்துவிட்டாள் என்பதைக் கதைக்குள் ஒரு பெரியவர் அவளிடம் வாய்விட்டுச் சொன்னால். அதை அவளுடைய பாட்டி சொல்லட்டும்.