உதவி: பண்டல் கடையில் வாங்கிய செல்லோ சிடி அரைக் கட்டை இறங்கிக் கேட்கிறது, பிளேயர் கோளாறா?

சிப்புட்_பிடில்
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை ஒட்டின தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். டவுனில் ஜப்பான் பழைய சாமான் விற்கிற பண்டல் கடையில் இரண்டு சிடி போட்ட பெட்டி ஒன்று அஞ்சு வெள்ளிக்குக் கிடைத்தது. அட்டை முழுக்க ஜப்பானிய எழுத்து. படிக்க முடிந்தது 1007, 1012 என்ற எண்கள் மட்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனிச் செல்லோவுக்கு (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) எழுதிய ஆறு தொகுப்பு என்று போட்டதுமே தெரிந்தது. முதல் துண்டுதான் பாதி கல்யாண வீடியோவில் ஓடுகிறதே.

பிரச்சினை இதுதான். யூடியூபில் செல்லோ கலைஞர் யோ-யோ மா அந்த முதல் துண்டை ஐந்து கட்டைச் சுருதியில் வாசிக்கிறார். என் சிடியில் நாலரை. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வயலின் வாசிக்கிறவன் நான், தம்புரா ஆப் போட்டும் பார்த்துவிட்டேன். வீட்டில் இருப்பது பழைய மினி காம்போ சிடி செட், லென்ஸ் துடைத்தாயிற்று. தம்பி காரில் போட்டாலும் அதே நாலரை. சிடியே கெட்டதா?

வாசிப்பது யார் என்றும் தெரியவில்லை. போனில் தேடினால் ‘மழைநாள் செல்லோ’, ‘தூக்கம் வர செல்லோ’ என்று துண்டு துண்டாக வருகிறது. ஆறும் முழுசாக, வேறு வேறு ஆள் வாசித்ததைப் பக்கத்தில் வைத்துக் கேட்க ஆசை. எப்படித் தேடுவது?

ஈப்போ_பழையதட்டு
பிளேயரைத் திறந்துவிடாதீங்க தம்பி. கேசட் என்றால் பெல்ட் தளர்ந்து சுருதி இறங்கும். சிடி அப்படியில்லை, ஓடும் வேகத்தை ஒரு குவார்ட்ஸ் படிகம் பிடித்து வைத்திருக்கிறது. தட்டைப் படிக்க முடியாமல் போனால் திக்கும், தாவும், நின்றுபோகும். சீராக அரைக் கட்டை இறங்கி ஓடாது. அதுவும் இரண்டு பிளேயரில் ஒரே மாதிரி.

உங்கள் தட்டில் இருப்பது பரோக் செல்லோ, அதாவது பாக் காலத்து வகைச் செல்லோ என்று நினைக்கிறேன். இன்றைய மேடைச் சுருதியில் ‘ஏ’ என்ற சுவரம் 440 ஹெர்ட்ஸ். பழைய முறையில் வாசிக்கிறவர்கள் அதை 415க்கு இறக்கிக்கொள்வார்கள், சரியாக அரைக் கட்டை வரும். கம்பிக்குப் பதில் குடல் நரம்பு, அடியில் ஊன்றுகோல் கிடையாது, இரண்டு கெண்டைக்காலுக்கும் நடுவில் இடுக்கி வாசிப்பார்கள். வில்லும் வேறு.

சோதித்துப் பாருங்கள்: மூன்றாம் தொகுப்பு வழக்கமாக ஒரு கட்டை, உங்களிடம் கீழ் ஏழாக வரணும். ஆறாவது இரண்டு கட்டை, உங்களிடம் ஒன்றரை. எல்லாமே ஒரே அளவில் இறங்கியிருந்தால் கதை முடிந்தது.

கூலிம்_அக்கா
ஆளைக் கண்டுபிடிக்க: பெட்டியின் முதுகில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பதிவு எண் இருக்கும். இல்லையென்றால் சிடியின் பளபளப்பான பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றி இருக்கிற வளையத்தை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்க, பொடி எழுத்தில் அடித்திருப்பாங்க. அதை டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுப் பட்டியல் தளத்தில் போட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பேர் மட்டும் போதும் என்றால் கூகுள் லென்ஸ் காமிராவை அட்டை மேல் காட்டுங்க.

அப்புறம் ஏ, டி எழுத்துகள் மூன்று சேர்ந்து எங்கேயாவது அச்சாகி இருக்கா பாருங்க. முதல் எழுத்து ஏ என்றால் ஒலிப்பதிவு அனலாக் நாடாவில் நடந்தது, டி என்றால் டிஜிட்டலில்.

சிப்புட்_பிடில்
அக்கா, லென்ஸ் ‘அன்னர் பில்ஸ்மா’ என்கிறது. மூன்று எழுத்து ஏ-டி-டி. மூன்றாம் தொகுப்பு ஏழு, ஆறாவது ஒன்றரை, அண்ணன் சொன்னபடியே. யார் இவர்?

ஈப்போ_பழையதட்டு
அஞ்சு வெள்ளிக்கா! பில்ஸ்மா நெதர்லாந்துக்காரர், 2019ல் காலமானார். ஆறையும் இரண்டு தடவை பதிவு செய்தார். 1979ல் பரோக் செல்லோவில் ஒன்று, 1992ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிற ‘செர்வே’ என்ற, ஸ்ட்ராடிவாரி செய்த பழைய செல்லோவில் ஒன்று. ஏ-டி-டி என்றால் உங்களிடம் இருப்பது 1979. பத்திரமா வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கடையில் இந்த இசை கிடைப்பது புதுசு இல்லை. ஸ்பெயின் செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் 13 வயதில், 1890ல், பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில்தான் இதன் இசைத்தாளை வாங்கினார். அப்போது இதைப் பயிற்சிப் பாடமாகத்தான் பார்த்தார்கள். ஆறையும் அவர் பதிவு செய்தது 1936 முதல் 1939 வரை, லண்டனிலும் பாரிஸிலும். கரகரப்பு உண்டு, ஆனாலும் ஒரு தடவையாவது கேட்கணும்.

தேடும்போது ‘செல்லோ’ என்று போடாதீங்க. பி.டபிள்யூ.வி. 1007 என்று பாக்கின் படைப்பு எண்ணையும் வாசிப்பவர் பெயரையும் சேர்த்துப் போட்டு, பிளேலிஸ்ட்டை விட்டு ஆல்பத்தைத் திறங்கள். தொகுப்புக்கு ஆறு துண்டு, முதலில் ஒரு முன்னிசை, மற்ற ஐந்தும் நடனத் துண்டு, ஆக 36 தடம். சில ஆல்பத்தில், ஜோடியாக வருகிற இரட்டை நடனங்களைத் தனித்தனியாகப் பிரித்து 42 ஆக்கியிருப்பார்கள். இரண்டும் முழுசுதான். அதற்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள்.

ஒப்பிடுவதற்கு முழு ஆல்பம் வேண்டாம், தலை சுற்றும். ஐந்தாம் தொகுப்பின் சராபாண்ட் என்ற மெதுவான நடனத் துண்டு ஒன்றை எடுங்கள். மொத்தமே 20 தாளக்கட்டுதான் (பார்) அது. இரண்டு கம்பியைச் சேர்த்து இழுக்கிற இடம் ஒன்றுகூட இல்லை, ஒற்றைக் கோடாகப் போகும், தாளம் இல்லாத ஆலாபனை மாதிரி. ஒளிந்துகொள்ள இடமில்லாததால் வாசிப்பவரின் குணம் அப்படியே தெரிந்துவிடும். ஃபூர்னியே (1960ல் பதிவானது) சட்டையில் மடிப்புக் கலையாமல் வாசிப்பார், முதலில் கேட்க நல்லது. ஸ்டார்கர் 1960களில் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்தது இறுக்கமானது, மைக் செல்லோவுக்குள்ளேயே இருக்கிற மாதிரி. ரோஸ்ட்ரோபோவிச் 1991ல் பிரான்ஸில் வெஸலே பசிலிக்காவில் பதிவு செய்தார். அந்தக் கல் கட்டடத்தின் எதிரொலி சிலருக்குப் பிடிக்கும், எனக்கு அவ்வளவாக இல்லை. பிறகு உங்கள் பில்ஸ்மா. ஒவ்வொரு சுவரத்தையும் எவ்வளவு நேரம் பிடிக்கிறார், எங்கே விரலை அசைக்கிறார், எங்கே சும்மா விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நிமிடக் கணக்கைப் பார்த்து இவர் வேகம், அவர் மெதுவு என்று முடிவு கட்டக்கூடாது. நடனத் துண்டு ஒவ்வொன்றும் இரண்டு பாதி, இரண்டையும் திருப்பி வாசிக்கணும். சிலர் திருப்பாமல் விட்டுவிடுவார்கள்.

செம்பனை_78
ஈப்போ அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். 415தான் அசல், 440 போலி என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பாக் காலத்தில் ஊருக்கு ஒரு சுருதி. 415 என்பது நம் காலத்து ஆட்கள் வசதிக்கு ஒத்துக்கொண்ட அளவு. விஸ்பெல்வே என்பவர் மூன்றாவது தடவை பதிவு செய்தபோது, 2012ல் வந்தது, 392க்கே போய்விட்டார். அது முழுக் கட்டை இறக்கம். அதைப் போட்டால் உங்கள் தம்புரா ஆப் அழும்.

எப்படி வில் போடணும் என்பதற்கும் அசல் இல்லை. பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல் இருக்கிறது, அதில் வில் குறிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பல இடத்தில் தெளிவில்லை. அதனால்தான் ஆளுக்கு ஒரு மாதிரி வாசிக்கிறார்கள்.

யூடியூப் சுருதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. காப்புரிமையில் மாட்டாமல் இருக்க வேகத்தைக் கொஞ்சம் மாற்றி ஏற்றுகிறவர்கள் உண்டு. காசல்ஸ் பழைய தட்டிலிருந்து எடுத்தது, மாற்றினவர் தட்டை எந்த வேகத்தில் சுற்றினாரோ அந்தச் சுருதி வரும். உங்கள் சந்தேகம் அங்கேதான் பொருந்தும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு எதையும் முடிவு பண்ணாதீங்க. செல்லோவின் அடிக்கம்பி 65 ஹெர்ட்ஸ் சுற்றி. போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, மேல் ஓசையை வைத்து காது ஊகித்துக்கொள்ளும். இருபது வெள்ளி இயர்போன் போதும்.

சிப்புட்_பிடில்
நன்றி அண்ணே, அக்கா. இங்கே மழை வந்தால் லைன் படுத்துவிடும், அதனால் ஈப்போ போனபோது வைஃபையில் நாலையும் இறக்கிக்கொண்டேன். சராபாண்ட் மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். சுருதி வேறாக இருப்பதால் பில்ஸ்மாவுக்கு மாறும்போது முதல் சில வினாடி காது ஒத்துழைக்கவில்லை, அதைத் தாண்டிவிட்டால் சரி. எனக்கு ஸ்டார்கர்தான். விரலை அசைத்தே ஆகணும் என்ற கட்டாயம் இல்லாமல் நேராக வைக்கிறார். அவர் வாசித்த வேறு தனிச் செல்லோ ஏதாவது?

ஈப்போ_பழையதட்டு
இசையமைப்பாளர் கோடாய் 1915ல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டா, ஓபஸ் (படைப்பு எண்) 8. ஸ்டார்கருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான், ஒரு தடவைக்கு மேல் பதிவு செய்திருக்கிறார். இதில் கோடாய் கீழ் இரண்டு கம்பியை மட்டும் அரைக் கட்டை இறக்கிக் கட்டச் சொல்லி எழுதியிருக்கிறார், மேல் இரண்டும் வழக்கம்போல. ஆப்பில் பார்த்துவிட்டு மறுபடி காம்போவைத் திறந்துடாதீங்க.