ரேகை விழாதவர்கள்: ரேஷன் கடை முதல் பென்ஷன் வரை உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தென்காசிக்காரன்:
அம்மா சின்ன வயதிலிருந்தே பீடி சுற்றியவர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். 2020 அக்டோபரில் ரேஷனுக்குக் கைரேகை வந்ததிலிருந்து மாதா மாதம் இதே பாடுதான், ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி வைப்பார், மிஷின் பொருந்தவில்லை என்று சொல்லும், பின்னால் நிற்பவர்கள் "ஆச்சி, கையைச் சேலையில துடைச்சிட்டு வைங்க" என்று யோசனை சொல்வார்கள். ஓடிபி வழி இருக்கிறது, ஆனால் பதிவில் இருக்கும் நம்பர் அப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்தது. அதை மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனால் அங்கேயும் ரேகைதான் கேட்கிறார்கள். ரேகை விழாததால்தானே ஐயா வந்தோம்! கார்டில் இருக்கும் வேறு யாராவது வைத்தால் போதும் என்பார்கள், நான் வேலைக்காக ஓசூரில் இருக்கிறேன்.

கடைக்குள்ளிருந்து:
நான் விற்பனையாளர், ஊர் பேர் வேண்டாம். ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்தான். ஆனால் அப்படிப் போட்ட பில் கூடினால் "உன் கடையில மட்டும் ஏன் இவ்வளவு" என்று மேலிருந்து கேள்வி வரும், அதனால் தெரிந்த முகமாகவே இருந்தாலும் கை தயங்கும். மிஷினால் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன், வாங்காத பாமாயிலுக்கு பில் விழுந்ததாக எஸ்எம்எஸ் வந்து சண்டைக்கு வருவது எங்கள் கடையில் குறைந்திருக்கிறது. ஆனால் ரேகை என்ன சொல்லும்? வந்தது யார் என்று சொல்லும், அவ்வளவுதான், எத்தனை கிலோ கொடுத்தேன் என்று அதற்குத் தெரியாது. அதற்காக இப்போது தராசையும் மிஷினோடு இணைத்தாயிற்று. சரி, நல்லதுதான். குடோனிலிருந்து மூட்டையே எடை குறைவாக வருகிறதே, அந்தக் குறைவு யார் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது என்று யாராவது கேட்டீர்களா? கூடவே சர்வர் போனால் திட்டு வாங்குவதும் நாங்கள்தான்.

பாதி வக்கீல்:
அண்ணே, உங்கள் அம்மாவைத் திருப்பி அனுப்பவே கூடாது. ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24 தேதியிட்ட சுற்றறிக்கையில், ரேகை பொருந்தவில்லை என்பதற்காகப் பயனை மறுக்கக் கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் ஆதாரை ஏற்றது, மானியத்துக்குக் கேட்கலாம் என்றது, ஆனாலும் ரேகை பொருந்தாததால் தகுதியானவர் விடுபடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாறுபட்டு எழுதிய ஒரே நீதிபதி சந்திரசூட், அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் முதியோர் உதவித்தொகைக்காக அந்தச் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். பணம் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் பொறுமையாக முழுசும் படித்தார். படித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, எங்க மிஷின்ல இதுக்கு பட்டன் இல்லையே" என்றார். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. விதிவிலக்கைக் காகிதத்தில் எழுதியவர்கள் மென்பொருளில் எழுத மறந்துவிட்டார்கள், இனி எந்தத் திட்டத்துக்கு மிஷின் வைத்தாலும் விலக்குக்கும் ஒரு பட்டன் இருந்தால்தான் அனுமதி என்று சட்டத்திலேயே போட வேண்டும்.

மாம்பலம் மருமகள்:
எங்கள் வீட்டில் நல்ல அனுபவம்தான். மாமனாருக்கு, உயிரோடு இருக்கிறார் என்று பென்ஷனுக்குக் காட்டும் ஆயுள் சான்று ரேகையில் விழாமல் வருஷா வருஷம் அலைச்சல். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டும் வசதி வந்தது, அப்புறம் வீட்டிலிருந்தே முடித்துவிடுகிறோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அது வேறு விஷயம். வீட்டில் நல்ல போனும் அதைப் பிடித்துக் காட்ட ஒரு ஆளும் இருப்பதால் நடக்கிறது, தனியாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

தென்காசிக்காரன்:
நன்றி தம்பி. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று வீட்டுக்கே பொருள் கொண்டுவர ஆரம்பித்தார்களே, அது அம்மாவுக்கு வருமா? வயது 63.

கடைக்குள்ளிருந்து:
வராது சார், வயது போதாது. ஆதார் மையத்தில் பத்து விரலையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்துவிடுங்கள், நம்பரையும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். பழைய பதிவோடு பொருந்தாதவர்களுக்குப் பலமுறை புதுசு விழுந்து பார்த்திருக்கிறேன். அதுவரை கடையில் பதிவேட்டைக் கேளுங்கள். அம்மாவைத் தனியாக அனுப்பாமல், கூட ஒரு ஆள் போய்க் கேட்டால் கொடுப்பார்கள்.