சைகை மொழியில் கணிதம் படிப்பிக்கிற ஆக்கள் இருக்கிறீங்களா?

வணக்கம். வெள்ளவத்தையில் காது கேளாத ஒரு பிள்ளைக்கு வீட்டில் வைத்துக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். தரம் 7, தமிழ் மூலம். கூட்டல், பெருக்கல் எல்லாம் நல்ல வேகம். கேத்திரகணிதத்தில் உருவத்தை மனசிலேயே திருப்பிப் பார்த்துவிடுவா.

பிரச்சினை வசனக் கணக்கில்தான். கணக்கு விளங்காமல் இல்லை. "அதைவிட", "மீதி", "ஒவ்வொருவருக்கும்" என்று வந்தால் வசனம் பிடிபடுவதில்லை. காதால் கேட்டுப் பழகாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழிதானே. கையையும் பலகையையும் ஒரே நேரத்தில் பார்க்கவும் ஏலாது. அதனால் சைகை காட்டி முடித்த பிறகுதான் எழுதுகிறேன். அவ வாசித்து நிமிரும்வரை காத்திருக்கிறேன். நேரம் எடுக்கும், ஆனால் பலன் தெரிகிறது.

அமெரிக்க சைகை மொழியில் பின்னத்துக்குத் தொகுதியை (மேல் எண்) காட்டி, கையைக் கீழே இறக்கிப் பகுதியை (கீழ் எண்) காட்டுவார்கள். எழுதுகிற மாதிரியே இருப்பதால் பார்த்தவுடன் விளங்கும். இங்கே தமிழ் மூலம் படித்தவர்கள் பின்னம், சதவீதம், மறை எண், சமன்பாடு இவற்றுக்கு என்ன சைகை பாவிக்கிறீங்க? நானாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்க விருப்பமில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு கதைக்க அது உதவாது.

காது கேளாத பிள்ளைகள் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையிலோ இரத்மலானைப் பாடசாலையிலோ படித்தவர்கள், படிப்பித்தவர்கள் இருந்தால் சின்ன வீடியோ ஒன்று எடுத்து அனுப்புங்கோ. கொழும்பில் இருக்கும் காது கேளாத அக்கா, அண்ணா யாராவது கிழமைக்கு ஒருக்கா வந்து படிப்பிக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கான கொடுப்பனவும் பஸ் காசும் பெற்றோர் தருவார்கள். இன்பொக்ஸில் எழுதுங்கோ.